நெற்றியில் மின்சாரம், கையில் செல்போன்

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் பைக்கை முறுக்குகிறவனுக்கும், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கையிலிருக்கும் கடைசி ரூபாயையும் செல்போன் ரம்மியில் வைக்கிறவனுக்கும் நல்லது கெட்டது தெரியாமல் இல்லை. தெரிந்தும் கை நிற்பதில்லை. கையை நிறுத்துவதில் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அது முழுதாக முதிர 25 வயதுவரை ஆகலாம். சரி, அந்த இடத்தில் கொஞ்சம் மின்சாரம் பாய்ச்சி அதைத் தேற்றினால் என்ன? இதைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

முறை எளிது. உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்ச் வைத்த இரண்டு பட்டைகளைத் தலையில் கட்டி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் விடுவார்கள். தோல் லேசாக அரிக்கும். பிறகு ஒரு சோதனை: திரையில் அம்புக்குறி வந்தால் பட்டனை அழுத்த வேண்டும், இடையில் மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். சில ஆய்வுகளில் நிறுத்தும் வேகம் கூடியது, சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பலன் சொற்பம். 2016இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் புசாகி, இறந்தவர் உடலில் அளந்து பார்த்து, இந்த மின்சாரத்தில் பெரும்பகுதி மண்டையைத் தாண்டி உள்ளே போவதே இல்லை என்றார். அப்படியே பலன் இருந்தாலும், மணிச் சத்தத்துக்கு விரல் நிற்பது வேறு, நள்ளிரவில் தோற்ற பணத்தை மீட்கத் துடிக்கும் மனம் நிற்பது வேறு.

"அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்களே" என்று கேட்கலாம். கொடுத்திருக்கிறார்கள், ஆனால் இத்தகைய கட்டுப்பாட்டுச் சிக்கல்களுக்கு அனுமதி பெற்றது காந்தத் துடிப்பு சிகிச்சை. 2018இல் எண்ணச் சுழற்சி நோய்க்கும் (OCD), 2020இல் புகைப்பழக்கத்தை விடுவதற்கும். நோய் என்று கண்டறியப்பட்டவருக்கு மருத்துவர் கண்காணிப்பில் தருவது அது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் இந்த மின்தூண்டல் ஆராய்ச்சி நடப்பதும் நோயாளிகளுக்காகத்தான். ஆன்லைனில் கருவி வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்வதை இதோடு சேர்க்க முடியாது. ஒரு திறனைக் கூட்டப்போய் இன்னொன்று குறைந்ததாக 2013இலேயே ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. யோசிக்க விடாமல் அவசரப்படுத்தவே ஒரு செயலியை வடிவமைத்துவிட்டு, அதில் விழுந்தவன் மூளையைப் பழுதுபார்க்கக் கிளம்புவது என்ன நியாயம்? தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்டது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகஸ்டில் மத்திய அரசு அவற்றை மொத்தமாகத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. திருட்டுத்தனமாக ஆடுகிறவர்கள் இருப்பார்கள்தான். ஆனால் தேடிப்போய் ஆடவேண்டிய நிலை வந்தாலே, கைக்கும் பணத்துக்கும் நடுவில் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. அந்தச் சோதனைகளில் மின்சாரம் கொடுத்து மிச்சம்பிடிக்கப் பார்த்ததோ வினாடியில் ஒரு சிறு பங்கு. அதையும் மீறி நிறுத்த முடியாதவர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.