"வேண்டாம்" என்ற சொல்லுக்குப் பின்னால்...

(கீழ்க்கட்டளையில் சுயஉதவிக் குழு உறுப்பினர்கள், சிறு வியாபாரிகள், விற்பனைப் பணியில் உள்ள இளைஞர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)



விற்பனைன்னா வாய்ச் சாமர்த்தியம், அது பிறவியிலேயே வரணும்னு பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அது பழகிக்கொள்ளக்கூடிய ஒரு வேலை. முதலில் பழக வேண்டியது, "வேண்டாம்" என்பதைக் கேட்டு மனம் தளராமல் இருப்பது.

சாம்பார் பொடி அரைச்சு எடுத்துக்கிட்டுப் போறீங்க. பத்து வீட்டிலும் வேண்டாம்னு சொன்னா, பதினோராவது வீட்டுக்குப் போகக் கால் வராது. ஆனா குழுக் கடன் தவணை மட்டும் தேதி தவறாம வந்து நிக்கும்.

அந்த "வேண்டாம்" உங்களைச் சொன்னது இல்லை. பெரும்பாலும் அதுக்குப் பின்னால ஒரு கேள்வி இருக்கும். விலை கட்டுப்படியாகுமா? நல்லா இருக்குமா? காசு வீணாயிடுமா?

இதைப் புரிஞ்சுக்கிட்டு ஜெயிச்ச ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பூ தொழிலைத் தொடங்கினார். அப்போது கிராமங்களில் பலருக்கு ஷாம்பூ பழக்கமே கிடையாது. அவருடைய குழுவினர் ஊர் ஊராகப் போய், ஒரு பள்ளிச் சிறுவனின் தலையில் ஷாம்பூ தேய்த்து அலசி, "தொட்டுப் பாருங்க"ன்னு சொன்னாங்க. இலவச பாக்கெட்டும் கொடுத்தாங்க. எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட் 5 கொண்டு வந்தாலும், ஒரு சிக் பாக்கெட் இலவசம்னு ஒரு திட்டமும் வந்தது. அந்தத் தொழில்தான் இன்றைய கெவின்கேர்.

விலையை நினைச்சுத் தயங்கினவங்களுக்குச் சிறு பாக்கெட். தரத்தைச் சந்தேகப்பட்டவங்களுக்கு நேரடிச் செய்முறை. ஒவ்வொரு தயக்கத்துக்கும் ஒரு பதில் இருந்தது.

நாமும் இதையே செய்யலாம்:

• முதலில் கேளுங்க, பிறகு பேசுங்க. "இப்போ எந்தப் பொடி வாங்கறீங்க? அதுல என்ன குறை?"

• கால் கிலோ வாங்கத் தயங்குறவங்களுக்கு 50 கிராம் பாக்கெட் கொடுங்க.

• "வேண்டாம்"னு சொன்னவங்க காரணத்தை ஒரு நோட்டில் எழுதுங்க. ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தா, மாற்ற வேண்டியது பேச்சை இல்லை, பொருளை.

• வாங்கினவங்களை ஒரு வாரம் கழிச்சு விசாரிங்க. "எப்படிம்மா இருந்தது?" என்ற ஒரு கேள்வியே அடுத்த ஆர்டரைக் கொண்டு வரலாம்.

• பொய் சொல்லி விற்காதீங்க. ஏமாந்தவர் தெருவுக்கே சொல்வார். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யவும் முடியும்.

வீட்டில் உணவுப் பொருள் தயாரிப்பவர்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவுக்கு 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் செல்போன் மூலமே விண்ணப்பிக்கலாம். பாக்கெட்டில் அந்த 14 இலக்க எண் இருந்தால், அறிமுகம் இல்லாதவரும் நம்பி வாங்குவார்.

கடைகளில் விற்பனைப் பணியில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு தகவல். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை. பணியாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கால் வலியோடு நிற்பவரால் வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காமல் பேச முடியாது. எனவே, இது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடைக்கும் லாபம்தான்.

நாளைக்கு யாராவது "வேண்டாம்"னு சொன்னா, உடனே திரும்பிடாதீங்க. "ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"ன்னு பணிவாக் கேளுங்க. உங்க விற்பனை அங்கேதான் ஆரம்பிக்குது.