மரக்கால் யார் கையில்?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். "கூலியைப் பற்றிப் பேசுங்கள், பஞ்சப்படியைப் பற்றிப் பேசுங்கள். சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் எழுதும் மனோதத்துவச் சஞ்சிகைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். அந்தக் காலத்துக் களத்துமேட்டைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பண்ணையார் நெல்லை அளந்து வாங்கும்போது ஒரு மரக்கால். கூலி அளந்து போடும்போது இன்னொரு மரக்கால். அளப்பவன் கணக்கில் ஒரு தப்பும் இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணித்தான் அளப்பான். சூது எண்ணிக்கையில் இல்லை, மரக்காலில் இருந்தது.

கல்வி உலகத்திலும் இப்படி ஒரு மரக்கால் இருக்கிறது.

ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தால் அதைக் கட்டுரையாக எழுதி ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியிடுகிறார். அடுத்து எழுதுகிறவர், "இன்னார் இப்படிக் கண்டிருக்கிறார்" என்று அதை எடுத்துக்காட்டுகிறார். இதற்கு மேற்கோள் என்று பெயர். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் யூஜின் கார்பீல்டு என்பவர் 1960-ம் ஆண்டு ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைப் பட்டியல் போடுவது அதன் வேலை. 1964-ம் ஆண்டு, சுமார் 600 விஞ்ஞானச் சஞ்சிகைகளை வைத்து முதல் பெரிய பட்டியல் வெளிவந்தது. ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கெல்லாம் போயிற்று என்று தேடிப் பிடிக்க அது உதவியது. நல்ல வேலை, அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து ஓர் எண் பிறந்தது. அதைத் தாக்கக் குறியெண் என்கிறார்கள். கணக்கு மிகச் சுலபம். ஒரு சஞ்சிகை முந்திய இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரை வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டில் அந்தக் கட்டுரைகளை மற்றவர்கள் 200 தடவை மேற்கோள் காட்டினார்கள். 200-ஐ 100-ஆல் வகுத்தால் 2. அதுதான் அந்தச் சஞ்சிகையின் மதிப்பு! எந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டலாம் என்று நூல்நிலையங்கள் தீர்மானிக்க உதவிய இந்த எண், நாளடைவில் மனிதர்களை நிறுக்கும் தராசாகிவிட்டது. யாருக்கு உத்தியோகம், யாருக்கு உயர்வு, யாருக்கு ஆராய்ச்சிப் பணம் என்பதெல்லாம் பல நாடுகளில் இந்த எண்ணைப் பார்த்து முடிவாகின்றன.

அந்த ஸ்தாபனமும் கைமாறியது. 1992-ல் தாம்சன் கம்பெனி அதை வாங்கியது. 2016-ல் அந்த வியாபாரப் பிரிவு 355 கோடி டாலருக்கு முதலீட்டுக் கம்பெனிகளிடம் விற்கப்பட்டு, கிளாரிவேட் என்ற பெயர் பெற்றது. விஞ்ஞானிகள் உழைத்து எழுதுகிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் எடுத்துக்காட்டுவதை எண்ணி விற்பது தனி வியாபாரம்.

தோழர்களே! இந்த எண்ணில் என்ன குறை?

ஒன்று, இது சராசரி. உங்கள் மில்லில் மானேஜர் சம்பளத்தையும் கூட்டும் தொழிலாளியின் சம்பளத்தையும் ஒன்றாகக் கூட்டி ஆள் கணக்கில் வகுத்து, "இங்கே எல்லோருக்கும் நல்ல சம்பளம்" என்று ஒருவன் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? சஞ்சிகையிலும் இதே கதைதான். சில கட்டுரைகளுக்கு மேற்கோள் குவியும்; பல கட்டுரைகளை ஒருவரும் தொடமாட்டார்கள். சராசரி இரண்டையும் மூடி மறைத்துவிடும்.

இரண்டு, எல்லா மேற்கோளும் எண்ணப்படுவதில்லை. கம்பெனியின் பட்டியலுக்குள் இருப்பவர்கள் காட்டும் மேற்கோள்தான் எண்ணப்படும். அந்தப் பட்டியலில் நெடுங்காலமாக ஆங்கிலச் சஞ்சிகைகளுக்கே பெரும்பங்கு. ஸ்பானிய மொழியிலோ போர்ச்சுகீசிய மொழியிலோ எழுதி, அந்த மக்களால் படிக்கப்பட்டு, அங்குள்ள ஆசிரியர்களாலும் வைத்தியர்களாலும் பயன்படுத்தப்படும் கட்டுரைக்கு மரக்காலில் இடம் குறைவு.

மூன்று, இரண்டே ஆண்டுக் கெடு. நெல் விதைத்தவன் சில மாதத்தில் அறுக்கலாம். தென்னை வைத்தவனிடம் இரண்டாம் ஆண்டிலேயே காய் எங்கே என்று கேட்டால் அவன் என்ன செய்வான்?

இனி மனோதத்துவத்துக்கு வருகிறேன். மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் சாஸ்திரம் அது. எந்த மனிதனின் மனம்? இதுதான் கேள்வி.

ஆர்னெட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2008-ம் ஆண்டு ஒரு கணக்கெடுத்தார். அமெரிக்க மனோதத்துவச் சங்கத்தின் 6 முக்கியச் சஞ்சிகைகளில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளை ஆராய்ந்தார். சோதிக்கப்பட்டவர்களில் 68 சதவிகிதம் அமெரிக்கர்கள்! மேல்நாட்டுத் தொழில்வள நாடுகள் அனைத்தையும் சேர்த்தால் 96 சதவிகிதம்! அமெரிக்கர்களோ உலக ஜனத்தொகையில் 5 சதவிகிதம்கூட இல்லை. அந்த 6 சஞ்சிகைகளில் ஒன்றில், அமெரிக்கர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில் 67 சதவிகிதம் மனோதத்துவம் படிக்கும் கல்லூரி மாணவர்களை மட்டுமே சோதித்தவை. கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கேட்டுவிட்டு, "மனிதன் இப்படி நினைக்கிறான்" என்று எழுதிவிட்டார்கள்.

"மனம் எங்கும் ஒன்றுதானே?" என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரே நீளமுள்ள இரண்டு கோடு. ஒன்றின் முனைகளில் சிறு கோடுகள் உட்புறம் மடங்கியிருக்கும். மற்றதில் வெளிப்புறம் விரிந்திருக்கும். வெளியே விரிந்த கோடு நீளமாகத் தோன்றும். இது மனிதக் கண்ணின் இயல்பு என்றே நினைத்தார்கள். 1966-ல் பல நாட்டு மக்களைச் சோதித்த முடிவுகள் வெளியாயின. அமெரிக்க மாணவர்களுக்கு ஒரு கோட்டை ஐந்தில் ஒரு பங்கு நீட்டிக் காட்டினால்தான் இரண்டும் சமமாகத் தெரிந்தன. ஆப்பிரிக்காவின் கலகாரி பாலைவனத்தில் வாழும் சான் மக்களோ அநேகமாக ஏமாறவே இல்லை! ஒரு கோட்டைப் பார்ப்பதிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், கூலி, பயம், நம்பிக்கை, கோபம் இவற்றில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்!

ஆகவேதான் அந்தந்தப் பிராந்தியத்தில், அந்தந்த மக்களைப் பற்றி, அவர்கள் மொழியிலேயே எழுதும் சஞ்சிகைகள் தேவைப்படுகின்றன. அப்படிப்பட்ட ஒரு சஞ்சிகையின் கதையைச் சொல்கிறேன்.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் என்று ஒரு சின்ன நாடு. காப்பித் தோட்டங்கள் நிறைந்த நாடு. நிலம் சிலர் கையில். உழைப்பு பலர் முதுகில். 1980 முதல் 1992 வரை அங்கே உள்நாட்டு யுத்தம் நடந்தது. சுமார் 75,000 பேர் மாண்டார்கள். அந்நாட்டின் தலைநகரில் மத்திய அமெரிக்கச் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே இக்னாசியோ மார்ட்டின்-பரோ என்ற பாதிரியார் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தார். ஸ்பெயினில் பிறந்தவர்; சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஏழைக் குடும்பங்கள் ஒரே அறையில் நெருக்கியடித்து வாழ்வதைப் பற்றித்தான் அந்தப் பட்டத்துக்கே ஆராய்ந்தார். அவர் நினைத்திருந்தால் ஆங்கிலச் சஞ்சிகைகளுக்கே எழுதிக் குவித்திருக்கலாம். ஆனால் தம் சர்வகலாசாலையிலிருந்து வந்த ஒரு சிறு மனோதத்துவச் சஞ்சிகையில், ஸ்பானிய மொழியில் எழுதினார்.

1986-ல் அதில் ஒரு கட்டுரை எழுதினார். லத்தீன் அமெரிக்க மனோதத்துவம் வடக்கே பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருக்கிறது. இனிமேல் கேள்விகளை நம் மக்களின் வாழ்விலிருந்து எடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். யுத்தம் மனிதர்களின் உறவையே எப்படிச் சிதைக்கிறது என்பதைப் பற்றி 1988-ல் எழுதினார். "மனக்காயம் தனி மனிதன் மண்டைக்குள் மட்டும் இருப்பதல்ல, சமுதாயத்தில் இருப்பது" என்பது அவர் கண்ட முடிவு.

விதியைப் பற்றியும் எழுதினார். தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். "இவர்கள் சோம்பேறிகள், எல்லாம் தலையெழுத்து என்று கிடப்பவர்கள்" என்று அங்குள்ள விவசாயிகளைப் படித்தவர்கள் பேசி வந்தார்கள். மார்ட்டின்-பரோ என்ன சொன்னார்? விதி என்று சொல்வது அவர்களுடைய பிறவிக் குணமல்ல. தலைமுறை தலைமுறையாக முயன்ற போதெல்லாம் அடி விழுந்தால், முயலாமலிருப்பதே புத்திசாலித்தனம் என்று மனிதன் கற்றுக்கொள்கிறான். நிலைமை மாறினால், மக்கள் ஒன்றுசேர்ந்தால், அந்த எண்ணமும் மாறும். இதை யார் சொல்ல முடியும்? அந்த மண்ணில் நின்றவர்தான் சொல்ல முடியும்!

1986-லேயே பொதுஜன அபிப்பிராய ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் தொடங்கினார். ஜனங்களிடமே போய்க் கேட்டார். பேச்சுவார்த்தை மூலம் யுத்தத்தை முடிக்கவேண்டும் என்றே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று அந்தக் கணக்குகள் காட்டின. ஆண்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

1989-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி விடியுமுன் ராணுவத்தார் சர்வகலாசாலைக்குள் புகுந்தார்கள். மார்ட்டின்-பரோ உட்பட 6 பாதிரிமார்களையும், அங்கே சமையல் வேலை செய்த பெண்ணையும், அவளுடைய இளம் மகளையும் சுட்டுக் கொன்றார்கள். 31 ஆண்டுகள் கழித்து, 2020-ல், ஸ்பெயின் நீதிமன்றம் அந்நாட்டின் மாஜி ராணுவக் கர்னல் ஒருவருக்கு இந்தக் கொலைகளுக்காக 133 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இப்போது மரக்காலை எடுங்கள். 1986-ல் வந்த அந்தக் கட்டுரையை அளப்போம். இரண்டு ஆண்டுக் கெடு 1988-ல் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு எழுதியவரையே கொன்றுவிட்டார்கள். அவருடைய கட்டுரைகள் ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்தது 1994-ல், ஹார்வர்டு பதிப்பகத்தின் மூலம். அதற்குப் பிறகு உலகத்தின் பல பாகங்களிலும் அவரைப் படிக்கிறார்கள், எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அந்த மேற்கோள் ஒன்றுகூட, அவருக்கு இடங்கொடுத்த சிறு சஞ்சிகையின் குறியெண்ணில் ஏறாது. கெடு தாண்டிவிட்டதாம்! எழுதியவர் உயிரைக் கொடுத்த கட்டுரைக்கு மரக்காலில் விழுந்தது எவ்வளவு என்று பார்த்தீர்களா?

இந்த அளவுகோல் ஆராய்ச்சியின் திசையையே திருப்பிவிடுகிறது. ஓர் இளம் ஆராய்ச்சியாளர் காப்பித் தோட்டத் தொழிலாளியின் மனத்துயரத்தை அவருடைய மொழியில் எழுதினால் எண் குறையும். மேல்நாட்டில் பேசப்படும் விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதினால் எண் கூடும். வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிறது. அவர் எதை எழுதுவார்? அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சூதுக்கும் இது இடம் கொடுக்கிறது. 2013-ல் 14 சஞ்சிகைகளின் குறியெண்ணை அந்தக் கம்பெனியே நிறுத்தி வைத்தது. அவற்றில் நான்கு பிரேசில் நாட்டு வைத்தியச் சஞ்சிகைகள். "நீ என்னை மேற்கோள் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன்" என்ற ஏற்பாட்டில் எண்ணை உயர்த்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. பிரேசிலில் சர்க்கார் நிறுவனமே உயர்கல்வித் துறைகளைச் சஞ்சிகைகளின் எண்ணைப் பார்த்துத் தரம் பிரித்து வந்தது. எண்ணுக்காக நெருக்கினால் எண்ணைத்தான் தயாரிப்பார்கள், அறிவைத் தயாரிக்கமாட்டார்கள்.

அதற்காகச் சின்னச் சஞ்சிகையெல்லாம் தங்கம், பெரிய சஞ்சிகையெல்லாம் பித்தளை என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய் மரக்கால்தான். சரிபார்க்காத ஆராய்ச்சி எந்த மொழியில் வந்தாலும் கெடுதல். பத்துப் பேரைக் கேட்டுவிட்டு நாட்டையே கேட்டதாக எழுதினால், உள்ளூர்ச் சஞ்சிகையானாலும் தப்புத் தப்பே. மேற்கோளை எண்ணுவது ஒரு துப்பு. தீர்ப்பு சொல்ல கட்டுரையைப் படித்துப் பார்க்கவேண்டும்.

இதை உணர்ந்தவர்கள் உலகில் பெருகி வருகிறார்கள். சஞ்சிகையின் எண்ணை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று 2012-ம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகளும் சஞ்சிகை ஆசிரியர்களும் பிரகடனம் தயாரித்தார்கள். 2015-ல் வெளியான லைடன் அறிக்கை, உள்ளூருக்குப் பயன்படும் நல்ல ஆராய்ச்சியைக் காப்பாற்றவேண்டும் என்று தனியே வலியுறுத்தியது. லத்தீன் அமெரிக்கர்களோ பேச்சோடு நிற்கவில்லை. பிரேசிலின் சாவோ பாலோவில் 1997-ல் சையெலோ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மெக்சிகோ சர்வகலாசாலை ஒன்று ரெடாலிக் என்ற நூல்நிலையத்தை நிறுவியது. தங்கள் பிராந்தியச் சஞ்சிகைகளை, தங்கள் மொழிகளிலேயே, யாரும் காசு கொடுக்காமல் படிக்கும்படி திறந்துவைத்தார்கள். தங்கள் மேற்கோள்களைத் தாங்களே எண்ணவும் கற்றுக்கொண்டார்கள். தங்கள் களத்துக்குத் தாங்களே மரக்கால் செய்துகொண்டார்கள்!

தோழர்களே! நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

நாளை ஒருவர் வந்து, "தொழிலாளியின் மனம் இப்படிப்பட்டது, விவசாயக் கூலியின் குணம் இப்படிப்பட்டது, விஞ்ஞானம் சொல்கிறது" என்பார். அந்தச் சொல்லை வைத்து வேலைப்பளுவை நிர்ணயிப்பார்கள், திட்டம் போடுவார்கள், உங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்றும் முடிவு கட்டுவார்கள். அப்பொழுது பயந்துவிடாதீர்கள், விஞ்ஞானத்தின் மீது கோபப்படவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். யாரைக் கேட்டு இதைக் கண்டீர்கள்? எந்த மொழியில் கேட்டீர்கள்? எந்த மரக்காலால் அளந்தீர்கள்?

இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லும் ஆராய்ச்சியாளர் உங்கள் வாசலுக்கு வந்தால், திண்ணையில் உட்காரவைத்து, உங்கள் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அவர் எழுதியதை வாங்கி, நம் வாசகசாலையில் உரக்கப் படித்து, சரியா தப்பா என்று நீங்களும் சொல்லுங்கள். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் அதைப் படித்து, "ஆம், இது எங்கள் வாழ்க்கை" என்று சொல்வது எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் ஏறாத மேற்கோள். அந்த மேற்கோளைக் கொடுக்கும் சக்தி உங்கள் கையில் இருக்கிறது.