தொட்டால் கெட்டுப்போகாது

(விருதுநகரில் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற கூட்டத்தில் கணினியின் இயங்குதளத்தை மாற்றிய கதையைச் சொல்லப்போகிறேன் என்றதும் ஒரு தோழர் சிரித்தார். "இதில் என்னப்பா அரசியல்?" என்று கேட்டார். போன தீபாவளி வரை எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். நான் பழையதாக வாங்கிய மடிக்கணினியில் அது இல்லை.

"ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டிருப்பேன். அந்தக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தபோதுதான் தூக்கம் போனது. என் முனைவர் பட்ட ஆய்வு பட்டாசுத் தொழிலாளர்களைப் பற்றியது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் என்னிடம் பேசிய ஒலிப்பதிவுகள் அதில் இருக்கின்றன. எந்த ஆலையில் எந்த அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், விபத்துக்குப் பிறகு யார் வந்து என்ன பேசினார்கள் என்று பெயர் சொல்லிச் சொல்லியிருக்கிறார்கள். அது வெளியே போனால் எனக்கு ஒன்றும் ஆகாது. அந்த அக்காக்களுக்கு மறுநாள் வேலை இருக்காது. அவர்களை நம்பவைத்துப் பேச வைத்தவன் நான். கதவைப் பூட்ட வேண்டியதும் நான்தான்.

சரி, மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த பிறகு மூன்று வாரம் ஒன்றுமே செய்யவில்லை. பயம். எதற்கு இந்தப் பயம் என்று கிளறிப் பார்த்தேன்.

நான் படித்த பள்ளியில் கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். சார் கணினியைத் தொடுவார், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். யாராவது கை நீட்டினால் "தொடாதே, கெட்டுப்போயிடும்" என்பார். அந்தச் சொல்லை எங்கள் தெருப் பிள்ளைகள் கணினியைப் பார்ப்பதற்கு முன்பே வேறு பல இடங்களில் கேட்டிருந்தோம். அதனால் கேள்வியே கேட்காமல் கையை இழுத்துக்கொண்டோம்.

2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் தெருவுக்குள் வந்த முதல் கணினி அதுதான். அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். கணினியைத் திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து லினக்ஸை அழிக்கச் சொன்னேன். "அது இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்குப்பா, யாரும் அதை யூஸ் பண்ண மாட்டாங்க" என்றார் கடைக்காரர். ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத கதவை நானே காசு கொடுத்துச் சுவர் வைத்து அடைத்தேன்.

அந்தக் கதவுக்கு ஒரு முன்கதை உண்டு. அந்தத் திட்டத்துக்குக் கணினி வாங்கிக் கொடுத்த அரசு நிறுவனம் எல்காட். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த நிறுவனத்தின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். அவர் தலித் அதிகாரி. 2010-இல் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். சொல்லப்பட்ட காரணம், சாதிச் சான்றிதழ். எதிர்ப்புக் கிளம்பியது, அதே ஆண்டில் இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸுக்காக இடைநீக்கம் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அத்தனை உயரத்தில் இருந்தபோதும் அவரிடம் கேள்விக்குள்ளானது சாதிச் சான்றிதழ் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முதலில் எல்லாக் கோப்புகளையும் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்தேன். ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, ஒலி, தமிழ்99 விசைப்பலகை எல்லாம் வேலை செய்தன. பிறகுதான் நிறுவினேன். நிறுவும்போதே வட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அக்காக்களின் குரல்கள் இப்போது பூட்டுக்குள் இருக்கின்றன.

சிக்கலே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் பழைய கள ஆய்வுக் குறிப்புகளைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடந்தன. அவை சிவகாசியில் ஒரு டிடிபி கடையில் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருந்தது ஆங்கிலக் குறியீடுதான். குறிப்பிட்ட அந்த எழுத்துரு இல்லாத கணினியில் என் தமிழ் தமிழாக இருக்காது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்த இரண்டு வாரம் ஆனது. சொந்த மொழியில் எழுதியதைக்கூட இத்தனை நாள் வாடகை வீட்டில் வைத்திருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

"இத்தனை வருசப் பழக்கம், இனி மாற்ற முடியுமா?" என்று கேட்பவர்களுக்குப் பெரியாரை நினைவூட்டுகிறேன். 1935-இல் அவர் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்க 1978 வரை ஆனது. யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய 'லை'யை இங்கே எத்தனை பேருக்கு எழுதத் தெரியும்? கண்ணும் கையும் பழகிய எழுத்தே மாறியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருபது ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் பழக்கம்.

ஆனால் பழக்கத்தைக் கேலி செய்யாதீர்கள். என் அம்மா சரவெடி பின்னுகிறவர். பீஸ் ரேட்டு. அவர் விரல் பார்க்காமலே ஓடும். அந்தப் பழக்கம்தான் அவருடைய கூலி. சிவகாசி அச்சகத்தில் கோரல்டிராவில் காலண்டர் வடிவமைக்கிற தம்பிக்கும் அப்படித்தான். கோரல்டிராவுக்கு லினக்ஸ் பதிப்பு இப்போது கிடையாது. அவனிடம் போய் "நீ இன்னும் மாறவில்லையா?" என்று கேட்பது திமிர். கூலி போகும் என்றால் மாற்ற வேண்டாம். மாற்ற முடிந்தவர்கள் முதலில் மாற்றுவோம், கற்றதை அவனுக்கும் சொல்லிக் கொடுப்போம்.

லினக்ஸ் போட்டால் சாதி ஒழியாது. அந்தத் தொழில்நுட்ப உலகத்திலும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை தப்பாக அழுத்தினேன், திரை கறுத்துவிட்டது. பள்ளியில் கேட்ட அதே குரல் காதில் கேட்டது. அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். வந்துவிட்டது. ஒன்றும் கெடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள். பழைய மடிக்கணினி ஒன்றை நடுவில் வைத்துவிடுகிறேன். "அண்ணே, தொடலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். தொடு, கழற்று, அழி, மறுபடி போடு என்றேன். அவள் இரண்டு முறை அழித்துவிட்டாள். மூன்றாவது முறை அவளே நிறுவிவிட்டாள்.

 ஜெய் பீம்.