செத்தவீட்டிலே சிறுவர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடையிலே மரணத்தைப் பற்றிப் பேச வந்தமைக்காகப் பெரியோர்கள் எம்மைக் கோபிக்கமாட்டார்கள் என நம்புகின்றோம். நாம் பேச வந்தது இறந்தவரைப் பற்றியன்று. செத்தவீட்டின் கோடிப்புறத்திலே ஒருவரும் கவனியாது நிற்கும் பிள்ளையைப் பற்றியே.

எங்கள் ஊர்களில் ஒரு வீட்டிலே சாவு நேர்ந்தால் பறை மேளத்துக்கு ஒருவர் போவார். பந்தலுக்கு ஒருவர் போவார். பிள்ளைகளோ அயல் வீட்டுக்கு அனுப்பப்படுவர். "பிள்ளை பயந்துபோகும்" என்பது காரணம். அப்பா எங்கே என்று நாலு வயதுப் பிள்ளை கேட்டால், "நித்திரை கொள்ளுறார்" என்பார் ஒருவர். "வெளிநாட்டுக்குப் போட்டார்" என்பார் இன்னொருவர். அன்பினாற் சொல்லும் பொய்கள்தாம். ஆனால் நித்திரை என்று கேட்ட பிள்ளை அன்றிரவு தான் கண்ணை மூட அஞ்சும். வெளிநாடு என்பதோ யாழ்ப்பாணத்துக்கே உரிய வில்லங்கம். எங்கள் வீடுகளிலே பெரியப்பா ரொறன்ரோவிலும் மாமி இலண்டனிலும் மெய்யாகவே இருக்கின்றனர். நாள்தோறும் தொலைபேசியிலே முகம் காட்டுகின்றனர். அப்பா மாத்திரம் ஏன் எடுக்கவில்லை? என்னோடு கோபமோ? இப்படி எண்ணி அப்பிள்ளை காத்திருக்கும். சாவை மறைக்கப்போய், தகப்பன் தன்னைக் கைவிட்டான் என்ற துயரத்தை அல்லவா கொடுத்துவிட்டோம்!

மரியா நாகி என்பவர் ஹங்கேரி நாட்டிலே 3 முதல் 10 வயது வரையான 378 பிள்ளைகளை ஆராய்ந்து 1948 இல் எழுதினார். ஐந்து வயதுக்குட்பட்டோர் சாவை ஒரு பயணமாகவோ நித்திரையாகவோ கொண்டனர். ஒன்பது வயதளவிலேயே அது எல்லோருக்கும் வருவது, மீளாதது என்று தெளிந்தனர். பின்வந்த ஆய்வாளரோ ஐந்து முதல் ஏழு வயதுக்குள்ளேயே பெரும்பாலோர் இதை விளங்கிக்கொள்வர் என்கின்றனர். எப்படியாயினும், பயணம் என்று தானாகவே எண்ணும் சிறு பிள்ளைக்கு நாமும் பயணம் என்று சொல்லலாமா?

"அப்பா செத்துப்போனார். அவருடைய உடம்பு இனி மூச்சு விடாது, பசிக்காது, நோகாது. அவர் திரும்பி வரமாட்டார்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சிவபதம் அடைந்தார் என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். அதற்குப் பதிலாகச் சொல்லலாகாது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: "நீ குழப்படி செய்ததால் அவர் சாகவில்லை." சிறுவர் தம் கோபமும் நினைப்பும் ஆளைக் கொல்லும் என்று உள்ளூர நம்புவர். பிள்ளை அதே கேள்வியைப் பத்துத் தரம் கேட்கும். பத்துத் தரமும் அதே விடையையே சொல்லவேண்டும். அழுத பிள்ளை அரை மணியில் கிளித்தட்டு விளையாடப் போனால், "தகப்பன் செத்த கவலை இருக்குதா பார்" என்று ஏசும் மாமிமாருக்கு ஒரு சொல்: பிள்ளையின் துயரம் விட்டுவிட்டுத்தான் வரும்.

பெரியோர்களே, எங்கள் முன்னோர் பிள்ளையை ஒதுக்கிவைத்தவர்கள் அல்லர். பேரப்பிள்ளைகளின் கையிலே பந்தத்தைக் கொடுத்து, பாட்டனாரின் உடலைச் சுற்றி நிற்கச் செய்தவர்கள் அவர்கள். அந்தப் பிள்ளைக்குச் சாவு பார்க்கக்கூடாத பொருளாக இருக்கவில்லை. அங்கே தனக்கும் ஒரு வேலை இருந்தது. பின்பு எட்டு, அந்தியேட்டி, ஆட்டத்திவசம் என்று வீடு மெல்ல மெல்லத் துயரத்தை இறக்கிவைக்கும். தகப்பனை இழந்தோர்க்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தோர்க்குச் சித்திரா பூரணை. அன்று காத்தோட்டிக்காய் சமைக்கையிலே அப்பாவின் கதை ஒன்று வந்தே தீரும். நாம் படித்த மிஷன் பாடசாலையிலும் கத்தோலிக்கத் தோழர்கள் நவம்பர் 2 ஆம் திகதி பெற்றோருடன் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் வைப்பார்கள். மறுநாள் வகுப்பிலே பாட்டியைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுவார்கள். அதைக் கண்டு நாம் வியந்ததுண்டு. பந்தம் பிடிக்கப் பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லி, "நிற்கிறியோ?" என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்திலே விட்டால் போதும். பெண் பிள்ளைகளுக்கு விடைபெறுதல் படலையோடு முடிந்துவிடுகிறதே என்பதையும் பெரியோர்கள் சிந்திக்க வேண்டும்.

இந்தச் சடங்குகள் மனத்துக்கு மருந்தாவதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போர்க்காலத்திலே யாழ்ப்பாணத்தில் மனநோய் வைத்தியராய் இருந்து கண்டு எழுதியிருக்கின்றார். சடங்கே செய்யமுடியாத சாவுகளையும் இம்மண் கண்டது. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி வடமராட்சி கிழக்கைத் தின்றபோது பல உடல்கள் அவசரமாகப் புதைக்கப்பட்டன.

இவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. 2009 இல் தகப்பன் காணாமற்போன வீட்டிலே அன்று ஐந்து வயதாயிருந்த பிள்ளை இன்று எம் வயது; விரிவுரை மண்டபத்திலே எம் பக்கத்து வாங்கிலே இருக்கின்றது. அந்தியேட்டி செய்வதா, பொட்டை அழிப்பதா என்று தாய்க்குத் தெரியாது. காணாமற்போனோர் அலுவலகம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தும் அந்தக் கேள்வி வீட்டை விட்டுப் போகவில்லை. அங்கே "செத்துப்போனார்" என்று சொல்வதும் பொய். "நாளைக்கு வருவார்" என்று சொல்வதும் பொய். "எங்களுக்குத் தெரியாது ராசா, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்பதே அங்கே சொல்லத்தக்க உண்மை. அதைச் சொல்லும் தாயின் பக்கத்திலே போய் இருப்பதற்கு இச்சங்கத்து வாலிபருள் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு அமர்கின்றோம்.