மெயிலுக்குள்ள தேடாதீங்க, கவர்ல தேடுங்க

போன வருஷம் வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது ஹவுஸ் ஓனருக்கும் எனக்கும் ஒரு தகராறு. நான் கொடுத்த அட்வான்ஸ் ஒரு லட்சத்து இருபதாயிரம். அவரோ எண்பதாயிரம்தான் வாங்கினதா ஞாபகம்ங்கிறார். அக்ரிமென்ட் பேப்பர்ல என் காப்பி எங்கே போச்சுன்னே தெரியல. ஆனா அதோட ஸ்கேன் காப்பி ஒண்ணு என் ஜிமெயிலுக்கு வந்தது நல்லா ஞாபகம் இருக்கு. அதாவது, நாற்பதாயிரம் ரூபாய் அந்த ஒரு மெயில்ல மாட்டிக்கிட்டு இருக்கு.

தேடல் பெட்டியில 'ரென்ட்'னு போட்டேன். வீடு பார்க்கிற ஆப்களோட விளம்பரம் வரிசையா வந்து நின்னது. 'அக்ரிமென்ட்'னு போட்டா, 'எங்கள் விதிமுறைகள் மாறிவிட்டன'ன்னு எல்லா கம்பெனியும் அனுப்பின மெயில். 'அட்வான்ஸ்'னு போட்டா லோன் வேணுமான்னு கேக்குறாங்க. ஓனர் பேரைப் போட்டா ஒண்ணுமே இல்லை.

ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் உறைச்சது. அந்த மெயிலை அனுப்பினது ஓனர் இல்லை, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர். சப்ஜெக்ட் போடாம, ஒரு வரிகூட எழுதாம, வெறும் ஸ்கேனை மட்டும் தட்டிவிட்டிருப்பார். நான் தேடின எந்த வார்த்தையும் அந்த மெயில்ல இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் எப்படிக் கிடைக்கும்?

தபால்ல வந்த கவரை நினைச்சுப் பாருங்க. பிரிக்காமலே சில விஷயம் தெரியும். எந்தத் தேதி முத்திரை, யார் அனுப்பினது, உள்ளே ஏதாவது கனமா இருக்கா. தேடல் ஆபரேட்டர்கள் பார்க்கிறது இந்தக் கவரைத்தான். எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம்: 2021 ஜூன் முதல் வாரம் குடிவந்தேன், மெயில்ல ஒரு ஃபைல் இருந்தது. அதனால இப்படிப் போட்டேன்:

ஆஃப்டர்:2021/05/28 பிஃபோர்:2021/06/15 ஹேஸ்:அட்டாச்மென்ட்

(எல்லாத்தையும் ஆங்கிலச் சின்ன எழுத்துல, கோலனுக்குப் பிறகு இடைவெளி விடாம டைப் பண்ணுங்க. தேதியில வருஷம் முதல்ல, அப்புறம் மாசம், கடைசியா நாள். நம்ம ஞாபகத்தை முழுசா நம்பாம, முன்னாடி பின்னாடி சில நாள் சேர்த்தே விடுங்க.)

முப்பது மெயில் சொச்சம் வந்தது. பாதி ஆபீஸ் மெயில். அனுப்பினவரைக் குறிக்கிற 'ஃப்ரம்:' முன்னாடி ஒரு மைனஸ் குறி போட்டு, பக்கத்துல ஆபீஸ் முகவரியையும் போட்டேன். அதெல்லாம் மறைஞ்சது. மீதியில ஒன்பதாவது மெயில், 'சப்ஜெக்ட் இல்லை'ன்னு பரிதாபமா உட்கார்ந்திருந்தது. திறந்தா, இருபது ரூபாய் முத்திரைத்தாள், அதுல தொகை எண்ணாலும் எழுத்தாலும். வாட்ஸ்அப்ல ஓனருக்கு அனுப்பினேன். "ஆமா தம்பி, இப்பதான் ஞாபகம் வருது"ன்னார். பெயின்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டார்ங்கிறது தனிக்கதை.

நிறைய பேர் 'ஃப்ரம்:'ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. அது தப்பில்லை. ஆனா அனுப்பினது யாருங்கிறதுல நம்ம ஞாபகம் அடிக்கடி ஏமாத்தும், என்னை ஏமாத்தின மாதிரி. ஃபைல் இருந்ததா இல்லையாங்கிறது மாறாது. அது பிடிஎஃப்னு உறுதியாத் தெரிஞ்சா 'ஃபைல்நேம்:பிடிஎஃப்'னு இன்னும் இறுக்கலாம். ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அனுப்பியிருக்கணும்னா நடுவுல 'ஆர்' போடுங்க. இது மட்டும் பெரிய எழுத்துல இருக்கணும்.

இன்னொரு விஷயம். ஜிமெயில் சாதாரணமாத் தேடும்போது ஸ்பாம்லயும் ட்ராஷ்லயும் பார்க்காது. இன்டர்வியூ முடிச்சு ஆஃபர் லெட்டருக்குக் காத்திருக்கிறவங்க இதைக் கவனிங்க. 'இன்:எனிவேர்'னு சேர்த்தா அந்த ரெண்டு இடத்தையும் சேர்த்துத் தேடும். ஆனா நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. அங்கே போன மெயில் 30 நாள்ல தானா அழிஞ்சிடும்.

என் ஜெராக்ஸ் கடை மெயில் ஸ்பாமுக்குப் போகாம இன்பாக்ஸ்ல விழுந்தது வெறும் அதிர்ஷ்டம். இப்ப குடியிருக்கிற வீட்டோட அக்ரிமென்ட்டை நானே எனக்கு மெயில் பண்ணி வச்சிருக்கேன். சப்ஜெக்ட்ல வீட்டு நம்பர், தெரு, அட்வான்ஸ் தொகை எல்லாம் இருக்கு.