சீட்டு எழுதுமுன் கேட்க வேண்டியது



தூக்கமின்மைக்கும் கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் ஏற்றது, முற்றிலும் அபாயமற்றது என்ற விளம்பரத்தோடு 1957-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே கடைகளில் கிடைத்த தாலிடோமைடு என்னும் மாத்திரை, சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான சிசுக்கள் கைகால் குறுகியும் அறவே இல்லாமலும் பிறப்பதற்குக் காரணமாயிற்று. ஹாம்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் அச்சிசுக்களின் தாய்மார்களை விசாரித்தபோது, முதலில் அந்த மாத்திரையைப் பற்றி வாயே திறவாத பலர், மீண்டும் குறிப்பாகக் கேட்ட பிறகே அதை உட்கொண்டதாக ஒப்பினார்கள். சொல்லத்தக்க மருந்தாகவே அதைத் தாங்கள் கருதவில்லை என்றார்கள். இந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்து போக முடிவதில்லை. நம் இல்லங்களில் மட்டும் தலைவலி மாத்திரையையும் லேகியத்தையும் மருந்துக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்?

அமெரிக்காவில் அதே மருந்துக்கு அனுமதி கோரி 1960-இல் வந்த மனுவை, அது நரம்புகளைப் பாதிக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, கருவுக்கு ஊறில்லை என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டு, நிறுவனத்தாரின் நிர்ப்பந்தத்துக்கு இணங்காமல் நிறுத்தி வைத்தவர், அம்மனுவைப் பரிசீலித்த அரசு அதிகாரி டாக்டர் பிரான்சிஸ் கெல்சி அம்மையார்.

கரு உண்டான 20-ஆம் நாளிலிருந்து ஏறக்குறைய 36-ஆம் நாள் வரையிலேதான் அந்த மருந்து அவயவங்களைச் சிதைத்தது. அந்நாட்களில், நாள் சற்றுத் தள்ளியிருக்கிறது என்பதற்கு மேல் அப்பெண்ணுக்கே தன் நிலை தெளிவாகத் தெரிந்திராது. ஆகவே, கர்ப்பம் உறுதியான பின் எச்சரிக்கையாயிருப்போம் என்று காத்திருக்கும் மருத்துவர் காலங்கடந்தவராகிறார். பிள்ளைப்பேற்று வயதிலுள்ள எந்தப் பெண்ணுக்கு மருந்து எழுத உட்கார்ந்தாலும், "அம்மா, நாள் தள்ளியிருக்கிறதா? குழந்தை வேண்டுமென்ற எண்ணம் உண்டா?" என்று கேட்ட பிறகே அவர் பேனாவைத் தொட வேண்டும்.

அதற்காக மருந்தென்றாலே அஞ்சி ஒதுக்குவதும் பேதைமையே. வலிப்பு நோயுள்ள பெண் கருவுற்ற செய்தி அறிந்ததுமே மாத்திரையை விட்டுவிட்டால், திரும்ப வரும் வலிப்பு தாயையும் சேயையும் ஒருங்கே ஆபத்தில் தள்ளும். வால்புரோயேட் என்னும் வலிப்பு மருந்து சிசுவின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்க வல்லது என்பது உண்மை. அதனாலேயே, கருத்தரிக்கும் முன்பே இயன்றவரை தகுந்த வேறு மருந்துக்கு மாற்றி, நோயை அடக்கும் மிகக் குறைந்த அளவில் அதை நிலைப்படுத்தி, போலிக் அமிலமும் கொடுத்து வர வேண்டும். ஆஸ்துமாவுக்கும் தைராய்டு குறைபாட்டுக்கும், சிகிச்சையைத் தானாக நிறுத்தலாகாது என்ற இந்த நியாயமே பொருந்தும்.

மருத்துவப் பெருமக்களே, தயங்காமல் கேளுங்கள். கேட்டதைச் சீட்டிலும் குறித்து வையுங்கள். தாய்மார்களே, மருத்துவர் கேட்க மறந்தாலும் கூச்சமின்றி நீங்களே சொல்லுங்கள். கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரையையும் விடாமல் சொல்லுங்கள். நடந்துவரும் சிகிச்சையை மட்டும் அவரைக் கலந்துகொள்ளாமல் நிறுத்திவிடாதீர்கள்.