சித்தப்பிரமையும் சட்டமும்

1843ஆம் வருஷம் ஜனவரி 20ஆம் தேதி, லண்டன் வீதியில் நடந்துகொண்டிருந்த எட்வர்ட் டிரம்மண்ட் என்ற கனவானைப் பின்புறமாக நெருங்கிச் சுட்ட டேனியல் மக்நாட்டன் என்னும் மரக்கடைசல் தொழிலாளி, இரண்டாவது துப்பாக்கியை உயர்த்துமுன் காவலரிடம் பிடிபட்டான். ஆளுங்கட்சியார் தன்னை இரவும் பகலும் பின்தொடர்ந்து வதைப்பதாக நம்பிய அவன், பிரதம மந்திரி ராபர்ட் பீல் என்றெண்ணி அவருடைய காரியதரிசியைச் சுட்டுவிட்டான் என்பதே அக்காலத்து அபிப்பிராயம். டிரம்மண்ட் ஐந்து நாட்களில் உயிர் நீத்தார். ஆயினும், வைத்தியர்களின் சாட்சியத்தைக் கேட்ட ஜூரிகள் சித்தப்பிரமையின் காரணமாக அவன் குற்றவாளியல்லன் என்று தீர்ப்பளிக்கவே, தூக்குமேடைக்குப் போகவேண்டியவன் பெத்லெம் மனநோய் மருத்துவமனைக்கும், பின்னர் பிராட்மூருக்கும் அனுப்பப்பட்டு, 1865இல் காலமானான்.

அத்தீர்ப்புக்கு எழுந்த கண்டனத்தின் விளைவாக நீதிபதிகள் வகுத்த விதியே, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84ஆவது பிரிவுக்கு ஆதாரமாகி, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆவது பிரிவில் நிலைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலேனும் மனநலச் சிகிச்சை நிலையம் அமைக்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. குற்றவாளியைத் தண்டிப்பது அரசின் தர்மமெனில், நோயுற்ற கைதிக்கு வைத்தியம் செய்விப்பதும் அதே அரசின் தர்மமேயாகும்.